மலை சரிவதற்கு யார் காரணம்? கடை வாதத்துக்கு ஒரு விரிவான பதில்

2025 நவம்பரில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு மலையகத்தில் தேநீர்க் கடையிலும் மரண வீட்டிலும் பஸ் தரிப்பிடத்திலும் ஓயாமல் நடக்கிற வாதத்தைச் சுருக்கி எழுதி, அதில் யார் சொல்வது சரி என்றும், மலையகத்தின் பாதுகாப்பு என்னாவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நண்பர்களில் ஒருவர், தோட்டத்துத் திருவிழாவை முறையாக எடுக்காமல் விட்டதால் வந்த சாமி குற்றம் என்கிறார். இன்னொருவர், அணைக்கட்டும் சுரங்கமும் போட்டு மலையைக் குடைந்ததன் விளைவு என்கிறார். மூன்றாமவர், வருடா வருடம் வீட்டை விட்டு எழும்பிப் போகச் சொல்வதும் பிறகு ஒன்றும் நடக்காமல் போவதும் வழக்கமாகிவிட்டதால் அரசாங்கத்தின் எச்சரிக்கையை நம்பத் தேவையில்லை என்கிறார். நான்காமவருக்கோ இந்த மலையே வேண்டாம். வடக்கே வன்னிப் பக்கம் போய்விட வேண்டும் என்கிறார்.

நால்வர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நால்வரும் குற்றவாளியைத் தேடுவதில் காட்டுகிற ஊக்கத்தை, நேற்றிரவு தங்கள் தோட்டத்தில் எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது என்று விசாரிப்பதில் காட்டவில்லை. அந்த எண் பெரும்பாலும் அவர்கள் தோட்டத்து ஆபீசிலேயே எழுதப்பட்டிருக்கும். லயத்துக்கு, அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புக்கு, மேலே மண் வெடித்திருக்கும் சங்கதி லயத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று சந்திக்காமல் போவதுதான், என் கணிப்பில், மலையகத்தின் முதற் பாதுகாப்புப் பிரச்சினை.

மழையிலிருந்து தொடங்குகிறேன். நம் நாட்டின் மழை நான்கு பருவமாக வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இரண்டுக்கும் இடையே மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடைப் பருவ மழை. மலைநாட்டில் இந்தப் பாடத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடுவே நிற்கிற மலைத்தொடர் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளைக் கொடுக்கிறது. கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் வெயிலைக் காண்பதே அரிது. அந்தப் பகுதியின் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை எட்டக்கூடியது. அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் காய்ந்த கச்சான் காற்று வீசும். ஊவா எனப்படும் இந்தப் பக்கத்துத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். பட்டிப்பொலவுக்கும் ஓஹியாவுக்கும் இடையிலுள்ள ரயில் சுரங்கத்துக்குள் மழையில் நுழைந்து மறுபக்கம் வெயிலில் வெளியே வந்த அனுபவம் பலருக்கு உண்டு.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், கடை வாதத்தில் ‘மழை காலம் மாறிப் பெய்கிறது’ என்று பேசுபவர்களில் பலர் வேறொரு சரிவில் பிறந்து வளர்ந்து, வாழ்க்கைப்பட்டோ வேலைக்கோ இந்தச் சரிவுக்கு வந்தவர்கள். பதுளையில் கார்த்திகை, மார்கழிதான் பெருமழை. மஸ்கெலியாவில் ஆனி, ஆடி. இரண்டு ஞாபகங்களையும் கலந்து பேசினால் எந்த ஆண்டும் காலம் தப்பிய ஆண்டாகவே தோன்றும். மண்சரிவுகளின் தேதிகளைப் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரியும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தது 2014 ஒக்டோபர் 29. அது ஊவாச் சரிவு. அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்திலும் மலை இறங்கியது 2016 மே மாதத்து நடுப்பகுதி. அது மேற்குச் சரிவு. வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பகுதிகள் அடிவாங்கியது 2007 ஜனவரியில். அது வடகீழ் மழையின் காலம். ஆகவே உங்கள் தோட்டம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரிந்தால், எந்த மாதங்களில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதும் பெருமளவுக்குத் தெரிந்துவிடும்.

டித்வா காலம் தப்பி வந்ததல்ல. வங்காள விரிகுடாப் பக்கமிருந்து இலங்கையைத் தாக்கிய பெரும் புயல்கள் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் வந்திருக்கின்றன: 1964 டிசம்பரில் மன்னாரை உலுக்கியது, 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்தது, 2000 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கியது. இவற்றோடு ஒப்பிட்டால் 2025 நவம்பர் 28 அன்று கரையேறிய டித்வாவில் காற்றின் வேகம் பெரிய சங்கதி அல்ல. அது நாட்டின் கிழக்குப் பக்கமாக மெதுவாக ஊர்ந்து, கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மலைமேல் கொட்டிக்கொண்டேயிருந்தது என்பதே அழிவின் காரணம். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது மண்சரிவுதான்.

உலகம் சூடாவதால் வந்ததா என்று கேட்டால், ஒரு பாகை வெப்பம் கூடும்போது காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது என்பது உறுதியான பௌதிகம். எனவே பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டுகிற மழை இனி கூடுதலாக வரும் என்று எதிர்பார்க்க நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் ‘காலநிலை மாற்றம்’ என்று சொல்லி முடித்துவிடுவது பலருக்கு வசதியாகப் போய்விட்டது. லயத்தை எங்கே கட்டினோம், மழைநீர் வடியும் கானை ஏன் தூர்ந்துபோக விட்டோம் என்ற கேள்விகளிலிருந்து தப்புவதற்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது.

மலை ஏன் சரிகிறது என்பதற்கு வருவோம். நம் மலைகளின் அடிப்பாறை மிகப் பழையது, உருமாறியது, ஏடு ஏடாக ஒரு பக்கம் சாய்ந்து கிடப்பது. ஏடுகள் சாய்ந்த திசையிலேயே நிலமும் சாய்ந்திருக்கும் பக்கத்தில் மேல்மண் வழுக்குவதற்கு ஆயத்தமாகவே இருக்கும். மறுபக்கம் செங்குத்தான பாறையாக நிற்கும். பாறைக்கு மேலே இருக்கும் மண் இரண்டு வகை. ஒன்று அந்தப் பாறையே உக்கி உண்டான மண். மற்றது எப்போதோ மேலேயிருந்து உருண்டு வந்து தங்கிய கல்லும் மண்ணும் கலந்த குவியல். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து. அது முன்பே ஒரு முறை சரிந்த மண். உள்ளே இறுக்கம் கிடையாது. தண்ணீரை ஏராளமாகக் குடித்து வைத்துக்கொள்ளும். நாட்கணக்கில் பெய்த மழையில் அது ஊறி நிற்கும்போது, மண் துகள்களுக்கு இடையிலிருக்கும் தண்ணீர் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளத் தொடங்குகிறது, பிடிப்பு விடுகிறது. கடைசியாகப் பெய்கிற ஒரு மணி நேரத்து மழையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். அதற்கு முன் பெய்த நாலைந்து நாள் மழைதான் வேலையை முடித்து வைத்திருக்கும். மழை விட்டு வெயில் எறித்த பிறகும் சில இடங்களில் மலை இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பழைய சரிவுக் குவியல்களுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. செங்குத்தான மலையின் நடுவே கொஞ்சம் சமமான மேடையாக அவை கிடக்கும். அடியில் ஊற்று இருக்கும். பீலியில் தண்ணீர் வற்றாது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காட்டை வெட்டிய துரைமார், உயரமான நல்ல முனையில் பங்களாவையும், தேயிலைக்கு ஏற்ற சரிவுகளில் தேயிலையையும் வைத்துவிட்டு, தண்ணீர் கிடைக்கும் பள்ளத்திலும் மேடையிலும் லயங்களை அடுக்கினார்கள். ஆட்களைத் தண்ணீருக்கு அருகில் வைப்பது அவர்களுக்குச் செலவு குறைந்த வழி. மீரியபெத்தை போன்ற இடங்களில் அந்தக் கணக்கைத்தான் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் தீர்த்தார்கள்.

அதே துரைமார் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது கான். சரிவுக்குக் குறுக்கே சற்றே சாய்வாக வெட்டப்பட்ட சிறு கான்கள் மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் பிடித்துப் பெரிய கானில் சேர்க்கும். பெரிய கான் ஆற்றில் கொண்டுபோய் விடும். கான் வெட்டுவதும் வாருவதும் ஒரு காலத்தில் ஆண்களுக்கான பெரிய வேலை. ஆட்கள் குறைந்து, செலவைச் சுருக்குவது பெரிதாகிப்போன தோட்டங்களில் கான்கள் மூடிக் கிடக்கின்றன. தேயிலையைக் கைவிட்ட மலைகளில் மானாப்புல் வளர்ந்து கான் இருந்த இடமே தெரிவதில்லை. மரக்கறித் தோட்டத்துக்காகச் சரிவின் அடியை வெட்டி எடுப்பதும், வீதியை அகலப்படுத்த மண்ணைச் செதுக்கிவிட்டுத் தாங்கு சுவர் கட்டாமல் போவதும் இதே வகைத் தவறுகள். மலையின் காலை வெட்டினால் தோள் இறங்கத்தான் செய்யும்.

அணையும் சுரங்கமும் பற்றிய வாதத்தில் பாதியை ஏற்கலாம். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரிலிருந்து நிலத்தடி நீர் பாய்ந்ததும், பண்டாரவளை, எல்ல பகுதிகளில் கிணறுகள் வற்றியதும், வீடுகள் வெடித்ததும், 2017 இல் மக்கள் பெருந்திரளாக வீதிக்கு இறங்கியதும் எல்லோரும் அறிந்தவை. மலையைக் குடைந்தால் மலையின் தண்ணீர் வழி மாறும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாச் சரிவையும் அணையின் தலையில் கட்ட முடியாது. வான்கதவைத் திறந்தால் ஆபத்து கீழே. கம்பளை போன்ற ஊர்களில் இருப்பவர்கள் அதைக் கேட்க முழு உரிமையுள்ளவர்கள். அணையின் நீர்மட்டத்துக்கு எத்தனையோ நூறு அடி மேலே நிற்கிற லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியதற்கும் வான்கதவுக்கும் தொடர்பு கிடையாது. 1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து பலர் இறந்தபோது உமா ஓயாச் சுரங்கமும் இல்லை, மேல் கொத்மலை அணையும் இல்லை.

சாமி குற்றம் என்கிற உங்கள் நண்பரைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. மழைக்கும் தெய்வத்துக்குமான உறவு நம் மக்களிடம் ஆழமானது. அர்ச்சுனன் தபசுக் கூத்து ஆடினால் மழை இறங்கும் என்று நம்பி விடிய விடியக் கண்விழித்த தோட்டங்கள் உண்டு. தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக்கு ஒரு சாமி, தேயிலை ஸ்டோரின் சக்கரத்துக்கு ஒரு ரோதமுனி என்று வேலையின் ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு காவலை வைத்துக்கொண்டவர்கள் நம் முன்னோர். அவ்வளவு ஆபத்தான வேலைக்கு வேறு காவல் எதுவும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையின் எச்சங்களும் வெளியே தெரிவதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, தண்ணீரும் மதமும் இந்த மலையில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் குற்றம் என்ற வாதம் நிற்காது. மீரியபெத்தையில் மண் இறங்கியபோது அங்கிருந்த கோயிலும் சேர்ந்தே புதைந்தது. அரநாயக்கவில் நூற்றுக்கும் மேற்பட்டோரை இழந்தவை சிங்களக் கிராமங்கள். நம் தோட்டத்துத் திருவிழா நின்றுபோனதற்கு அவர்கள் எதற்காகத் தண்டிக்கப்பட வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் ‘உங்கள் தோட்டத்தார் செய்த குற்றம்’ என்று சொல்வது கொடுமை. அது பக்தியாகாது. இவ்வளவுக்கும் பிறகு, பேரிடர் நேரத்தில் கோயிலும் தேவாலயமும் விகாரையும் பள்ளிவாசலும்தான் முதலில் கதவைத் திறந்தன, அடுப்பை மூட்டின. அந்தப் பக்கத்தை உங்கள் நண்பர் பேசினால் நானும் அவரோடு சேர்ந்துகொள்வேன். கோயில் ஒலிபெருக்கியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது எச்சரிக்கை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் தருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100 ஆனால் செம்மஞ்சள்: புறப்பட ஆயத்தமாகுங்கள். 150 ஐத் தொட்டால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் சிவப்பு: வெளியேறுங்கள். டித்வாவின்போது சில இடங்களில் பெய்தது இந்தச் சிவப்பு எல்லையின் இரண்டு மடங்கு. எச்சரிக்கை பிரதேச செயலாளர் பிரிவு ஒன்றுக்கு மொத்தமாக விடப்படுகிறது. ஒரு பிரிவில் நூற்றுக்கணக்கான சரிவுகள் இருக்கும். அவற்றில் ஒன்றோ இரண்டோ இறங்கினால் அந்த எச்சரிக்கை பலித்ததாகவே அர்த்தம். உங்கள் சரிவு நின்றது என்பதால் எச்சரிக்கை பொய்யாகிவிடாது. மூன்றாம் நண்பர் பத்து முறை ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணி வைத்திருக்கிறார். அந்தப் பத்து முறையும் அடுத்த மலையில் என்ன நடந்தது என்று அவர் எண்ணவில்லை.

இருந்தாலும் அவருடைய சலிப்பு நியாயமானது. மாகாணத்துக்குப் பொதுவாக ‘பலத்த மழை’ என்று சொல்லும் வானிலை அறிக்கை, இரண்டு மலைக்கு இரண்டு மழை பெய்கிற நாட்டில், ஒரு தனிக் குடும்பத்துக்கு அதிகம் உதவாது. 1987 இலிருந்து தமிழும் அரசகரும மொழி. ஆனாலும் டித்வா நேரத்தில் தமிழில் எச்சரிக்கை போதிய அளவிலும் உரிய நேரத்திலும் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. சிங்கள அறிவித்தல் வந்து சில மணி நேரம் கழித்துத் தமிழில் வருகிற எச்சரிக்கை, ஏற்கனவே சரிந்துவிட்ட மலையைப் பற்றிய செய்தியாகிவிடலாம்.

மீரியபெத்தை இன்னொன்றையும் காட்டுகிறது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் சொல்லப்பட்டிருந்தது. சொல்லியும் அவர்கள் ஏன் போகவில்லை என்று கொழும்பில் இருந்தவர்கள் கேட்டார்கள். எங்கே போவது என்று அவர்களுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. சரிவு காலை ஏழரை மணியளவில் நடந்ததால் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அதனால்தான் அவர்கள் மிஞ்சினார்கள். தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கி, புது வீட்டைக் காண ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

உங்கள் கேள்வியில் ‘பாதுகாப்பு’ என்று நீங்கள் குறிப்பிட்டது பொலிஸ், இராணுவம், அவசரகாலச் சட்டம் பற்றியது. டித்வாவுக்குப் பிறகு பிரகடனமான அவசரகால நிலையைப் பற்றிக் கடையில் காரசாரமாகப் பேசுகிறார்கள். 1983 இல் தமிழர் மீது நடந்த வன்செயலையும், 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் தமிழ் இளைஞர்களுக்கு நடந்த படுகொலையையும், 2018 மார்ச்சில் கண்டி, திகனையில் முஸ்லிம்கள் மீது நடந்த வன்செயலையும் கண்டவர்களுக்கு அந்தச் சொல்லே வயிற்றைக் கலக்கும். அதே சமயம் மண்ணைத் தோண்டி உடல்களை எடுத்தவர்களும் இராணுவத்தினர்தான். இந்த இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொள்ள மலையக மக்கள் பழகியிருக்கிறார்கள். அதை நான் நீட்டப் போவதில்லை. ஓர் இரவில் சிவப்பு எச்சரிக்கை வந்த பிறகும் ஒரு குடும்பம் லயத்தை விட்டு இறங்க மறுப்பதற்கான காரணங்களே என் பார்வையில் பெரிய பாதுகாப்புக் கேள்வி.

முதலாவது களவு. ஆளில்லாத காம்பராவில், அதாவது லயத்து அறையில், நகை, தொலைக்காட்சி, ஆடு, கோழி எதுவும் மிஞ்சாது என்ற பயம். இரண்டாவது, முகாமில் பெண்பிள்ளைகளின் நிலை: ஒரு மண்டபத்தில் முப்பது குடும்பம், தாழ்ப்பாள் இல்லாத மலசலகூடம், வெளிச்சமில்லாத வழி. மூன்றாவது, வேலை. வேலைக்கு வந்ததாகப் பேர் போடாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. மறுநாள் காலையில் ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டியவள் இரவில் மூட்டை கட்டத் தயங்குவாள். நான்காவதை வெளியே இருப்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வதில்லை: காம்பராவை விட்டால் காம்பரா கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். அந்தக் காம்பரா அவர்கள் பெயரில் இல்லை. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பிறகு 53 வருடக் குத்தகையாக. தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து இறந்தவர்களுக்கு அந்த மண்ணில் இருந்தது உழைக்கும்வரை தங்கலாம் என்ற வழக்கம் மட்டும். இந்திய உதவியில் கட்டப்பட்ட தனி வீடுகளும் 7 பேர்ச் காணியும் சில ஆயிரம் குடும்பங்களை இதிலிருந்து விடுவித்திருக்கின்றன. லயத்தில் இருப்பவர்களே இன்னும் பெரும்பான்மை. இடிந்த வீட்டுக்கு நட்டஈடு என்று அறிவித்தல் வந்தவுடன் ‘காணி உறுதி எங்கே’ என்ற கேள்வி எழும். உறுதி இல்லாதவர் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

உள்ளூராட்சியின் கதையும் இதோடு ஒட்டியது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. அதாவது முப்பது வருடங்களாக, வாக்கு கேட்க வந்த அதே பிரதேச சபை உறுப்பினர் லயத்துப் பாதைக்குக் கொங்கிறீட் போடவோ வடிகால் கட்டவோ சட்டப்படி கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. தடை நீங்கி இத்தனை வருடமாகியும் எத்தனை சபைகள் தோட்டத்து வடிகாலுக்குப் பணம் ஒதுக்கின என்று அடுத்த தேர்தலில் கேட்பது, கடை வாதத்துக்கு என் சிபாரிசு.

நான்காம் நண்பரின் யோசனையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். வடக்கு கிழக்கில் குடியேறலாம் என்ற பேச்சு டித்வாவுக்குப் பிறகு அரசியலிலும் எழுந்தது. விரும்பிப் போகிறவர்களை யாரும் தடுக்கக்கூடாது. ஆனால் 1977 வன்செயலுக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன மலையகக் குடும்பங்களின் கதையைப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும். காந்தியம் போன்ற அமைப்புகளின் பண்ணைகளில் அவர்கள் காட்டை வெட்டிக் குடியேறினார்கள்; சில வருடங்களில் யுத்தம் வந்தது; எல்லைக் கிராமங்களில் முதலில் அடிவாங்கியவர்களில் அவர்களும் இருந்தார்கள்; காணி உறுதிக்காக அங்கேயும் நீண்ட காலம் காத்திருந்தார்கள். அங்கே மண்சரிவு கிடையாது என்பது உண்மை. காணியில்லாமல் போனால் எந்த நிலத்திலும் நிலை ஒன்றுதான். கொஸ்லந்தையில் ஆபத்தில்லாத பத்து ஏக்கரை அடையாளம் காட்ட முடியாதவர்கள் வன்னியில் காட்டுவார்கள் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை.

அதுவரை என்ன செய்வது? ஆபத்தில்லாத இடமும் அதற்கு உறுதியும் கிடைக்கும் வரை, இருக்கிற அறிவை ஒன்று சேர்ப்பதுதான் கையிலுள்ள வழி. பெரும்பாலான தோட்டங்களில் மழைமானி உண்டு; வெள்ளைக்காரர் காலத்திலிருந்து தினமும் காலையில் அளந்து பதிவேட்டில் எழுதும் வழக்கம் இருக்கிறது, பழைய ஆட்கள் இன்றும் அங்குலத்தில் சொல்வார்கள். 75 மில்லிமீற்றர் மூன்று அங்குலம், 100 நான்கு, 150 ஆறு. இந்த எண் கொழுந்துக் கணக்குக்குப் பயன்படுகிறது, லயத்துக்கு வருவதில்லை. மழை நாட்களில் காலையிலும் மாலையிலும் அதை ஆபீசுக்கு வெளியே ஒரு பலகையில் எழுதச் சொல்லித் தோட்டத் தலைவர்மார் கேட்கலாம். அதற்குச் சட்டமும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். ஆபீஸ் மறுத்தால், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டி, அடியில் சிறு கல்லைப் போட்டு, சமமான கோடு வரும்வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டிலிருந்து அடிமட்டம் ஒன்றை ஒட்டி, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்தால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளையே அளந்துவிடும். மழையை ஊற்றிவிட்டு மறுபடி கோடுவரை தண்ணீர் நிரப்பி வைக்க மறக்கக்கூடாது.

எண்ணோடு சேர்த்துக் கண்ணும் வேண்டும். லயத்துக்கு மேலுள்ள நிலத்தில் புதிதாக வெடிப்பு ஓடுவது, சுவரிலோ தரையிலோ இருந்த வெடிப்பு அகலமாவது, நேற்றுவரை மூடிய கதவு இன்று சட்டத்தில் இறுகுவது, மின் கம்பமும் மரமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த பீலி திடீரென்று நிற்பது அல்லது சேறாக வருவது, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் குறைவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்த நிறத்து எச்சரிக்கைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஓடை குறைந்தால் மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடைத்தது உடைத்துக்கொண்டு வரும்.

கோயில் ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். இரவு பதினொரு மணிக்குக் கையடக்கத் தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் படிக்க ஆள் விழித்திருக்க வேண்டும், சிக்னல் இருக்க வேண்டும், மின்சாரம் இருக்க வேண்டும். மின்கலத்தில் ஓடுகிற ஒலிபெருக்கியோ கோயில் மணியோ ஐந்து லயத்தையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். கோயில் கமிட்டி கூடித் திருவிழாக் கணக்கைப் பார்க்கும் நாளிலேயே, எத்தனை அங்குலம் தாண்டினால் யார் மணியடிப்பது, இருட்டுவதற்கு முன் எந்தப் பாதையால் எங்கே போவது, நடக்க முடியாத பாட்டிமாரை யார் தூக்குவது, வயசுப் பிள்ளைகளோடு யார் தங்குவது, காம்பராக்களுக்குக் காவலாக ஆபத்தில்லாத முனையில் எந்த நான்கு இளைஞர்கள் நிற்பது என்று முடிவெடுத்து எழுதி ஒட்டிவிடலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே பொலித்தீன் பையில் கதவோரம் தொங்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். லயத்தில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்துப் பிரதி ஒன்றில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். உறுதி இல்லாத குடும்பம் பின்னொரு நாளில் நட்டஈட்டு மேசைக்கு முன் போய் நிற்கும்போது, அந்த வீட்டில் இன்னார் இருந்தார்கள் என்பதற்குக் கையில் இருக்கப்போகும் கடதாசி அது ஒன்றுதான்.